நின்றால் ஓடும் இதயம்

"எந்திரிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குது. கண்ணைக் கட்டிக்கிட்டு வருது. படுத்துட்டா ஒண்ணுமில்ல."

பதினெட்டு, இருபது வயதுப் பெண் ஒருத்தி இப்படிச் சொல்லத் தொடங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பது மதுரைப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். "ரத்தம் பத்தல, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்பார் அம்மா. உச்சிவேளையில் புளியமரத்தடியில் எதையாவது மிதித்திருப்பாளோ என்று அப்பத்தாவுக்குச் சந்தேகம் வரும். மேலமடை பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசிவருவார்கள். தெருமுனை கிளினிக்கில் "லோ பிபி" என்று ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். இரண்டு நாள் தெளிவாக இருப்பாள், மறுபடி அதே கதை. பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி, எக்கோ, தலைக்கு ஸ்கேன் என்று எல்லாம் எடுப்பார்கள். எல்லாம் நார்மல். கடைசியில் யாராவது ஒருவர், "பயம்தான், மனசைத் தைரியமா வச்சுக்கம்மா" என்று சொல்லி அனுப்பிவைப்பார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, பயந்தும் நடுங்கவில்லை. படுத்தால் சரியாகிறது, நின்றால் வருகிறது என்று அவள் சொன்னதிலேயே நோயின் இலக்கணம் முழுவதும் இருக்கிறது. ஈசிஜியைப் படுக்கவைத்து எடுத்தார்கள், பிபியை உட்காரவைத்துப் பார்த்தார்கள், ஸ்கேனுக்கும் படுக்கத்தான் வேண்டும். நிற்கும்போது மட்டும் வருகிற நோயை நிற்கவைத்து யாரும் பார்க்கவில்லை.

அந்த நோய்க்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் போஸ்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சின்ட்ரோம், சுருக்கமாக போட்ஸ். எழுந்து நிற்கும்போது இதயத்துடிப்பு அளவுக்கு மீறிக் கூடும் கோளாறு இது. பெரும்பாலும் 15 வயதிலிருந்து 50 வயதுக்குள் உள்ள பெண்களுக்கு வருகிறது.

எழுந்து நிற்பது சாதாரணக் காரியம் என்று நினைக்கிறோம். உடம்புக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை. நின்ற சில நொடிகளில் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் மார்பிலிருந்து இறங்கி வயிற்றுக்கும் தொடைக்கும் காலுக்கும் போய்விடுகிறது. பெரியாறு - வைகைப் பாசனத்தில் மேலூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு இந்தக் கஷ்டம் புரியும். மேலே தண்ணீர் தேங்கிவிட்டால் கடைசி வயலுக்கு வந்து சேராது. படுத்திருக்கும் உடம்பில் எல்லா வயலும் ஒரே மட்டம். நிற்கும்போது மூளைதான் கடைமடை.

இதைச் சமாளிக்க உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் கொஞ்சம் சரிந்தாலும் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து தானியங்கி நரம்புகள் வழியாக உத்தரவு வரும். கால், வயிற்று நாளங்கள் இறுகும், இதயம் சற்று வேகமாகத் துடிக்கும். நலமாக இருப்பவருக்கு நிமிடத்துக்குப் பத்து, இருபது துடிப்பு கூடி அதோடு நின்றுவிடும். நாம் இதை உணர்வதுகூட இல்லை.

போட்ஸ் உள்ளவருக்கு நாளங்கள் இறுகுவதில் குறை இருக்கலாம், அல்லது உடம்பிலுள்ள ரத்தத்தின் மொத்த அளவே குறைவாக இருக்கலாம். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. அந்தக் குறையை எண்ணிக்கையால் ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. இந்த ஓட்டத்தைக் கிளப்பிவிடுவது நார்அட்ரினலின் என்ற ரசாயனம். சிலருக்கு அதுவே அளவு கடந்து சுரக்கிறது. விரல் நடுங்குவது, உள்ளங்கை வியர்ப்பது, நெஞ்சு திக்கென்று இருப்பது எல்லாம் அதன் வேலை. பார்ப்பவருக்கு அது பயம் போலவே தெரியும், அனுபவிப்பவருக்கும் பயம் போலவே இருக்கும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ரத்தம் இறங்கியது, பிறகு ரசாயனம் சுரந்தது, மனம் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

ஏன் வருகிறது? வைரஸ் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், தலையில் அடி ஆகியவற்றுக்குப் பின் தொடங்கியதாகப் பலர் சொல்கிறார்கள். மூட்டுகள் இயல்புக்கு மீறி வளையும் உடல்வாகு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கொரோனாவுக்குப் பிறகு உலகெங்கும் இதன் எண்ணிக்கை கூடியது. பலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை.

இது புதிய நோயும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களிடம் இதே படபடப்பையும் களைப்பையும் கண்ட ஜேக்கப் டா கோஸ்டா என்ற பிலடெல்பியா மருத்துவர், 1871-ல் விரிவாக எழுதினார். முதல் உலகப் போரில் பிரிட்டனின் தாமஸ் லூயிஸ் இதே போன்ற சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் எதிர்கொண்டார். 1941-ல் லண்டன் இதயநோய் மருத்துவர் பால் வுட், இதன் வேர் மனப்பதற்றமே என்று வாதிட்டார். அவருடைய வாதம் பல ஆண்டுகள் கோலோச்சியது. 1993-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷான்டார்ஃப், லோ இருவரும் நிற்கவைத்து அளந்து, இன்றைய பெயரையும் அளவுகோலையும் நிலைநிறுத்தினார்கள். பெயர் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் "பயம்தான்" என்ற தீர்ப்பு நம் ஊரில் மாறாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்தத் தீர்ப்பால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்கிறது, வேலை போகிறது, தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வருகிறது.

அளவுகோல் எளிது. படுத்திருந்து எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்குக் குறையாமல் கூட வேண்டும். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 40. கூடியது கூடியபடியே இருக்க வேண்டும். பிபி பெரிதாக இறங்கியிருக்கக் கூடாது. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது வேறு கோளாறு. நிற்கும்போது தொந்தரவும் படுத்தால் நிவாரணமும் குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு கட்டில், ஒரு பிபி கருவி, நொடிமுள் ஓடும் ஒரு கடிகாரம் போதும். உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ எந்தச் சிறிய கிளினிக்கிலும் செய்யலாம். காலை நேரம் நல்லது, அப்போதுதான் துடிப்பு அதிகம் ஏறும். பத்து நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் படுக்கவைத்து, துடிப்பையும் பிபியையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எழுப்பி, குதிகாலைச் சுவரிலிருந்து ஒரு சாண் அளவு தள்ளி வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். காலை மாற்றி மாற்றி ஊன்றினால் தசை ரத்தத்தை மேலே ஏற்றிவிடும், சோதனை கெட்டுப்போகும். ஒன்று, மூன்று, ஐந்து, பத்தாவது நிமிடங்களில் மறுபடி அளக்க வேண்டும்.

22 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். படுத்திருக்கும்போது துடிப்பு 72, பிபி 110/70. நின்ற முதல் நிமிடத்தில் 98, மூன்றாவதில் 108, ஐந்தாவதில் 116, பத்தாவதில் 121. பிபி 112/78. தாளில் இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் நோய் எழுந்து நின்று பேசும். ஐந்து நிமிடம் தாண்டும்போது அவள் பேச்சு குறையும், முகத்தில் களை போகும், பாதம் கனத்து நிறம் மாறும். வெள்ளைத் தோலில் இந்த நிறமாற்றம் கருஞ்சிவப்பாகப் பளிச்சென்று தெரியும் என்று ஆங்கிலப் புத்தகங்கள் எழுதுகின்றன. நம் மாநிறக் காலில் அப்படித் தெரியாது. கால் நகத்தடியையும் உள்ளங்காலின் ஓரத்தையும் பார்க்க வேண்டும், பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது கட்டாயம். மயக்கம் வருவதுபோல இருந்தால் உடனே படுக்கவைத்துவிட வேண்டும்.

கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கினார்கள். அலமாரியில் தூங்கும் அந்தக் கருவி துடிப்பையும் காட்டும். வீட்டில் ஒரு முறை பார்த்து எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு நல்ல துப்பு. நோயை முடிவுசெய்வது அவர் வேலை.

ஏனென்றால் நின்றால் படபடப்பதெல்லாம் போட்ஸ் ஆகிவிடாது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஆக, "ரத்தம் பத்தல" என்று அம்மா சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ஹீமோகுளோபின் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு கூடியிருந்தாலும் இதயம் ஓடும். வயிற்றுப்போக்கு, காய்ச்சலுக்குப் பின் நீர் வற்றியிருந்தாலும், பல வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தாலும் ஓடும். சில மாத்திரைகளாலும் ஓடும். இவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். மாடி ஏறும்போதோ ஓடும்போதோ திடீரென்று சுருண்டு விழுதல், நெஞ்சுவலி, படுத்தாலும் மூச்சு வாங்குதல், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருத்தல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் இதயநோய் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி மதுரை வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொட்டுத் தாண்டும் ஊரில் இந்த நோயோடு வாழ்வது தனிச் சிரமம். சூட்டைத் தணிக்கத் தோலின் நாளங்கள் விரிகின்றன. மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறி ரத்த அளவு இன்னும் குறைகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் விடிய விடிய நின்றவர்களில் நல்ல திடகாத்திரமான ஆட்களே மயங்கிச் சரிவதைப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அது வருடத்தில் ஒரு நாள். இந்தப் பெண்களுக்கு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மத்தியானமும் அதுதான்.

வைத்தியத்தின் முதல் படி ரத்த அளவைக் கூட்டுவது. 2015-ல் அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொசைட்டி வெளியிட்ட நிபுணர் அறிக்கை, நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரும் 10 முதல் 12 கிராம் உப்பும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்வது 5 கிராமுக்குக் கீழ். இது நேர் எதிராக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். உப்பு நீரைப் பிடித்துவைக்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு அது கேடு, ரத்த அளவு குறைந்தவருக்கு அதுவே மருந்து. எனவேதான் மருத்துவர் பிபியும் சிறுநீரகமும் பார்த்துச் சொன்ன பிறகே உப்பைக் கூட்ட வேண்டும். கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் திறக்கக் கூடாது. கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

மருத்துவர் சரி என்றால் நம் சமையலில் வழிக்குப் பஞ்சமில்லை. காலையில் பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டு ஒரு சொம்பு, பதினொரு மணிக்கு உப்பு மோர், சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், அப்பளம். படுக்கையை விட்டு எழுவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீரை மளமளவென்று குடிப்பது பலருக்கு அந்தக் காலை நேரத்தையே மீட்டுக்கொடுக்கிறது. தலைமாட்டில் சொம்பு இருக்கட்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உப்புக்கு அது ஈடாகாது. அரசு ஆஸ்பத்திரியில் தரும் ஓஆர்எஸ் பொட்டலம் ஒரு லிட்டரில் கரைப்பது, அதில் 2.6 கிராம் உப்பு இருக்கிறது. மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் மாவும், இனிப்புப் பழபானங்களும் அந்த வேலையைச் செய்யா. ஜிகர்தண்டா பிரியர்கள் மன்னிக்கவும், அதுவும் செய்யாது. வயிறு முட்டச் சாப்பிட்டால் செரிமானத்துக்காகக் குடலுக்கு ரத்தம் பாயும். பிரியாணி சாப்பிட்டு எழுந்ததும் தலைசுற்றுவது அதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுவது மேல்.

டிரிப்ஸ் விஷயத்துக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. "பாட்டில் ஏத்துனா தெளியுது" என்று நோயாளி சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு லிட்டர் சலைன் நேராக ரத்த அளவைக் கூட்டுகிறது, நின்றால் ஓடும் துடிப்பு சில மணி நேரத்துக்குக் குறைகிறது. ஆய்வுகளில் அளந்து பார்த்த உண்மை இது. அவள் சொன்னது நோயைக் கண்டுபிடிக்க ஒரு தடயம். ஆனால் வாராவாரம் ஊசி குத்தி ஏற்றினால் ரத்தநாளம் கெடும், தொற்று வரும், கைக்காசு கரையும். வாய் வழியாகக் குடிக்க முடிகிறவருக்கு அது வேண்டாம்.

அடுத்தது கட்டு. காலுறை என்றால் தொடைவரை இறுக்கும் வெரிகோஸ் சாக்ஸ், மே மாதத்தில் அதை யார் போடுவது? இறங்கும் ரத்தத்தில் பெரும்பங்கு வயிற்றில் தேங்குவதால் அடிவயிற்றை இறுக்கும் பெல்ட்டே நல்ல பலன் தருகிறது. பிரசவமான பெண்களுக்கு மெடிக்கலில் வாங்கும் அதே பெல்ட்தான். நிற்கும் நேரம் மட்டும் கட்டிக்கொண்டு, படுக்கும்போது கழற்றிவிடலாம். நின்றே ஆக வேண்டிய இடத்தில் ஒரு காலைக் குறுக்கே போட்டுத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவது, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது ஆகியவற்றைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே செய்யலாம்.

நீண்டகாலப் பலன் உடற்பயிற்சியில் இருக்கிறது. அதைத் தப்பாகத் தொடங்குவதால்தான் பலர் கைவிடுகிறார்கள். "வாக்கிங் போ" என்று சொல்வது இவர்களுக்கு முதல் நாளே தோல்வி. டல்லாஸில் பெஞ்சமின் லெவின் குழுவினர் வகுத்த முறையில் துடுப்பு இயந்திரம், நீச்சல், சாய்ந்து மிதிக்கும் சைக்கிள் என்று படுத்தோ உட்கார்ந்தோ தொடங்கி மாதக்கணக்கில் அப்படியே தொடர்கிறார்கள். நிற்கும் பயிற்சி பிறகுதான். கிராமத்தில் இயந்திரத்துக்கு எங்கே போவது? பாய் போதும். மல்லாந்து படுத்து ஒவ்வொரு காலாகத் தூக்குவது, காற்றில் சைக்கிள் மிதிப்பது, முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துவது என்று ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரம் ஒரு நிமிடம் கூட்டலாம். முதல் சில வாரம் களைப்பு கூடும், அதற்குப் பிறகே பலன் தெரியும். கிணற்று நீச்சல் தெரிந்த பெண்கள் தனியாக இறங்க வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு சிறு வேலைக்கே மறுநாள் எழ முடியாமல் போகிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் பயிற்சியைக் கூட்டக் கூடாது.

மாத்திரைகளும் உண்டு. குறைந்த அளவில் புரோப்ரனலால், ஐவாபிரடின், மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்டிசோன். யாருக்கு எது என்பது நோயின் வகையைப் பொறுத்தது. ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. எதுவும் வேரோடு தீர்ப்பதில்லை, தண்ணீர், உப்பு, பயிற்சிக்குத் துணைநிற்கும்.

உயிருக்கு ஆபத்தில்லை என்பதைக் குடும்பத்தாரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். மேயோ கிளினிக்கில் வளரிளம் பருவத்தினரைச் சில ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முழுதாகச் சரியாகியிருந்தது, இன்னும் பெரும்பாலோருக்குத் தொந்தரவு குறைந்திருந்தது. அதுவரை அந்தப் பெண் குளிக்கும்போது ஒரு முக்காலி, காய் நறுக்க உட்காரும் இடம், பஸ்ஸில் ஒரு சீட்டு கேட்பாள். சோம்பேறி என்று அவளை ஏசாதீர்கள். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றும் சொல்லாதீர்கள்.

மதுரையில் இந்தப் பெண்களில் எத்தனையோ பேர் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். விளக்குத்தூண், மாசி வீதிகளின் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடி சேலை விரித்துக் காட்டும் வேலை. நலமான கால்களுக்கே அது தண்டனை. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947-ம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏதுவாக ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கேரளம் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கடை முதலாளிகளே, உங்கள் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னாலும் ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்தால் கண்டுகொள்ளாதீர்கள். அது அவர்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை.